பெருநாளில் வீடு மாறிய மடற்குழு

சுலாஸ்மியின் வாழ்க்கையில் நடந்த முக்கியமான காரியம் ஒவ்வொன்றும் முதலில் அவளுடைய மின்னஞ்சல் மடற்குழுவுக்குத்தான் தெரியும். அவளுக்குக் கல்யாணம் என்பது பெற்ற அம்மாவுக்குத் தெரிவதற்கு முன்பே அங்கே தெரிந்துவிட்டது. பெண் பிறந்ததும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே எழுதினாள். பள்ளிக்கூட வேலை நிரந்தரமானது, மாமியார் ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொண்டு நேராக வாழைத்தோப்புக்குள் போனது, எல்லாமே அங்கேதான் எழுதினாள். நடுநடுவே கணினி நிரல் பற்றியும் பேசிக்கொள்வார்கள். அது நிரலர்களுக்கான குழு ஆயிற்றே, அதையும் பேசத்தானே வேண்டும்!

அவர்களுடைய மென்பொருளுக்குப் பெத்துங்கான் என்று பெயர். ஏழு நாள் வாரமும் ஐந்து நாள் வாரமும் கூடவே ஓடுகிற, இந்தோனேசியாவின் ஜாவாத் தீவு நாள்கணக்கை அது போட்டுக் கொடுக்கும். க்ளிவோன், லெகி, பாஹிங் எல்லாம் அந்த ஐந்து நாள்களில் சில. இன்றைக்குச் செவ்வாய் க்ளிவோனா, வெள்ளி லெகியா, கல்யாணத்துக்கு ஆகுமா, கடை திறக்க ஆகுமா என்று எதைக் கேட்டாலும் சொல்லும். நாட்காட்டி அச்சடிப்பவர்கள், கல்யாண ஏற்பாட்டுக்காரர்கள், கைபேசிச் செயலி செய்கிறவர்கள் என்று ஊரே அதை எடுத்துப் பயன்படுத்துகிறது. நிரல் திறந்தே கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், திருத்தம் அனுப்பலாம். அனுப்புகிறவர்களில் பாதிப் பேருக்கு நல்ல நாள் கெட்ட நாளில் துளியும் நம்பிக்கை கிடையாது. ஆனால் கணக்கு ஒரு நாள்கூடப் பிசகக் கூடாது என்பதில் அவர்களைப் போன்ற பிடிவாதக்காரர்களை நான் பார்த்ததில்லை.

சுலாஸ்மி க்ளாத்தேன் ஊரில் தொழிற்பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சர். குள்ளமான உருவம், கணீரென்ற குரல். கல்லூரியில் படிக்கும்போதே குழுவில் சேர்ந்தவள். வந்த வருஷமே லீப் ஆண்டில் ஒரு பிழையைப் பிடித்துவிட்டதால், குழுவைப் பராமரிக்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்தது. யாரைச் சேர்ப்பது, எந்தக் குப்பை மடலைத் தூக்கி எறிவது, சண்டை முற்றினால் யாரை அடக்குவது, எல்லாம் அவள் பாடு. யாரும் அவளுக்கு அந்தப் பதவியைக் கொடுக்கவில்லை; இவளும் கேட்கவில்லை. ஆனால் யாராவது அதைப் பிடுங்க வந்திருந்தால் விட்டிருப்பாளா என்றால், மாட்டாள்.

அவள் கணவன் பிரிஹாடி கிடைத்ததும் குழுவில்தான். அவன் அனுப்பிய முதல் திருத்தத்தை அவள் திருப்பி அனுப்பினாள். இரண்டாவதையும் திருப்பினாள். மூன்றாவதிலும் நொட்டை சொன்னாள். அடுத்தது சரியாகத்தான் இருந்தது. இடைவெளி ஒழுங்காக விடவில்லை என்று அதையும் திருப்பினாள். கடைசியில் அவன், "இதை நேரில் உட்கார்ந்து சரிசெய்ய முடியுமா?" என்று கேட்டு எழுதினான். தனி மடலில் எழுதவேண்டியது; கை தவறிக் குழுவுக்கே போய்விட்டது. அன்றைக்கு முழுவதும் குழுவில் வேறு பேச்சே இல்லை.

கல்யாணத்துக்கு நாள் குறித்தது பெத்துங்கான். ஆறு மாதம் கழித்து அந்தக் கணக்கில் ஒரு பிழை இருப்பதை யாரோ கண்டுபிடித்தார்கள். அவர்கள் கட்டிக்கொண்ட நாள், வீட்டில் ஆணி அடிக்கக்கூட ஆகாத நாளாம்! சுலாஸ்மிக்கு முகம் விழுந்துவிட்டது. அப்போது குழுவிலேயே மூத்தவரான பாக் குனார்த்தோ (பாக் என்றால் ஐயா) குழுவுக்கு இரண்டே வரி எழுதினார்: "பிழை திருத்தப்பட்டது. கல்யாணத்தைத் திரும்பப் பெறத் தேவையில்லை." அதற்கப்புறம் அந்த வீட்டில் சண்டை வரும்போதெல்லாம் பிரிஹாடி, "அப்பவே திரும்ப வாங்கியிருக்கணும்" என்பான். அவள் கரண்டியைக் காட்டுவாள். பத்து வருஷம் அப்படியே போயிற்று, நன்றாகவே போயிற்று.

பாக் குனார்த்தோதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம். ரயில்வேயில் கால அட்டவணை போட்டுக்கொண்டிருந்தவர். ஓய்வு நேரத்தில் பெத்துங்கானின் முதல் நிரலை எழுதியவர். மடற்குழு ஓடிக்கொண்டிருந்த கணினியும் சாலாத்திகாவில் அவர் வீட்டில், சமையலறைக்குப் பின்னால் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. விடாமல் உறுமிக்கொண்டே இருக்கும். சூடாக இருக்கும் என்பதால் அவர் வீட்டுப் பூனை அதன் மேல்தான் படுக்கும். பலத்த மழை பெய்தால் கரண்ட் போகும். கரண்ட் போனால் குழு தூங்கிவிடும். மறுநாள் எல்லாரும், "நேத்து உங்க பக்கம் மழையா, பாக்?" என்று விசாரிப்பார்கள்.

இந்த வருஷம் நோன்பு மாதம் தொடங்குவதற்கு முன்னால் அவர் ஒரு மடல் போட்டார். தானும் மனைவியும் போகோரில் மகள் வீட்டோடு போகிறோம், வீட்டை விற்றாயிற்று, பெருநாளுக்கு மூன்றாம் நாள் சாமான் ஏற்ற லாரி வருகிறது. கணினி பழையது, அங்கே வந்தால் ஓடாது. "குழுவும் அதோடு ஓய்வு எடுக்கட்டும். எல்லாரும்தான் வாட்ஸ்அப்பில் இருக்கிறோமே" என்று முடித்திருந்தார்.

சுலாஸ்மிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பள்ளியில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தவள் அப்படியே வைத்துவிட்டு அவருக்குப் போன் போட்டாள்.

"என்ன பாக், இப்படி எழுதிட்டீங்க? வாட்ஸ்அப்ல போட்டா நாளைக்கு யாரு தேடி எடுக்கறது? காலையில ஒரு நிரலைப் பத்திக் கேட்டா, மத்தியானம் அது மேல நூறு பூங்கொத்துப் படம் வந்து உக்காந்துக்கும்."

"நீ சொல்றது சரிதாம்மா."

"நான் வேற இடம் பாக்கறேன். அங்க குடிபோவோம்."

"சரிம்மா."

"நீங்களும் வரணும்."

"சரி, சரி."

போனை வைத்ததும் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் சொல்கிற 'சரி' அவளுக்குத் தெரியாதா? ஜாவாவில் பிறந்தவர்களுக்கு மாட்டேன் என்று சொல்ல வராது. சரி சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவார்கள். அதுவும் ஒரே பேச்சில் மூன்று 'சரி' வந்தால் சுத்தமாக இல்லை என்று அர்த்தம்.

ஆனாலும் அவள் விடவில்லை. திறந்த மூல மென்பொருள் திட்டங்களுக்கு இலவசமாக இடம் கொடுத்து, மடற்குழுக்களையும் வைத்துப் பார்த்துக்கொள்கிற தன்னார்வ அமைப்பு ஒன்றைக் கண்டுபிடித்தாள். அங்கே வரும் விண்ணப்பங்களைப் பார்ப்பவன் ஐவார் என்ற எஸ்தோனியாக்காரன். அவன் மடல்களில் வணக்கமும் இருக்காது, நலமா என்ற விசாரிப்பும் இருக்காது. "பழைய மடல்களை ஏற்கிறோம். உறுப்பினர்களை நீங்கள் மாற்றித் தர முடியாது. ஒவ்வொருவரும் அழைப்புக்குத் தாமே பதில் அனுப்பி உறுதிசெய்ய வேண்டும். இரண்டு வாரத்துக்குள் ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள்." அவ்வளவுதான்.

"என்ன மனுஷன் இவன்? கல்லைக் கடிச்சுட்டு எழுதறானா?" என்றான் பிரிஹாடி.

"குளிர் ஊரு. வாயைத் திறந்தா குளிரும்போல" என்றாள் சுலாஸ்மி.

தாமே உறுதிசெய்ய வேண்டும் என்பதுதான் அவளை உறுத்தியது. பாக் குனார்த்தோவை அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போக முடியாது. அவர் பெயர் அந்தப் பக்கம் இல்லாமல் குழு மட்டும் போவதை நினைக்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை. தாத்தா பாட்டி கட்டிய வீட்டை விட்டு வருகிறவர்களுக்குக்கூட அவ்வளவு வருத்தம் இருக்குமா தெரியாது.

எந்த நாள் போவது என்று குழுவில் கேட்டதுதான் தாமதம், ரகளை ஆரம்பித்தது. நாள்கணக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் நாள் பார்க்காமல் வீடு மாறுவதா? சரி, யாருடைய பிறந்த நாளை வைத்துக் கணக்குப் போடுவது? வீட்டுக்குத் தலைவர் யார்? சுலாஸ்மியா, பாக் குனார்த்தோவா? கடைசியில் சாலாத்திகாவின் யுஸ்தினுஸ், அவன் கத்தோலிக்கன், இதிலெல்லாம் நம்பிக்கை இல்லாதவன், அவன்தான் வழி சொன்னான். குழுவின் முதல் மடல் வந்த நாளையே குழுவின் பிறந்த நாளாக வைத்துக்கொள்ளலாம். பெத்துங்கானிடம் கொடுத்தார்கள். ஐவார் கொடுத்த இரண்டு வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் ஆகும் என்றது: வியாழன் பாஹிங். பெருநாளுக்கு இரண்டு நாள் முன்னால்.

"நல்லதாப் போச்சு. புது வீட்லயே பெருநாள்" என்று எல்லாரும் குதித்தார்கள். ஒருவருக்காவது வேறு எதுவும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வியாழக்கிழமை காலை சுலாஸ்மி புதுக் குழுவைத் திறந்தாள். புது வீட்டுக்குள் வெறுங்கையோடு போகக் கூடாதென்று, தண்ணீர்க் குடம், பாய், துடைப்பம், ஒரு படி அரிசி எல்லாவற்றையும் முற்றத்தில் வரிசையாக வைத்துப் படம் எடுத்து முதல் மடலாக அனுப்பினாள். பிறகு பழைய குழுவுக்குள் போய், இனி இங்கே வரும் எதையும் யாருக்கும் அனுப்பாதே என்று பூட்டினாள். பொறுப்பான பெண். ஒரு காரியத்தை மட்டும் யோசிக்கவில்லை. அது அப்புறம் வருகிறது.

அன்று மாலைக்குள் அநேகமாக எல்லாரும் உறுதிசெய்துவிட்டார்கள். பாக் குனார்த்தோ செய்யவில்லை. வெள்ளிக்கிழமையும் செய்யவில்லை.

"போன் பண்ணிக் கேட்டுடேன்" என்றான் பிரிஹாடி.

"கேட்டா 'சரிம்மா'ம்பார். அதைக் கேக்க என் காதுக்குத் தெம்பில்ல."

பெருநாள் காலையில் க்ளாத்தேன் முழுக்கத் தேங்காய்ப்பால் கோழிக்குழம்பின் வாசனை. தொழுகை முடிந்து வந்தவர்கள் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். சுலாஸ்மி மாமியார் முன்னால் மண்டியிட்டு மன்னிப்புக் கேட்டாள். பெண் இவள் முன்னால் மண்டியிட்டாள். பிரிஹாடி வழக்கம்போல, "கல்யாண நாள் கணக்கையும் சேத்து மன்னிச்சுடு" என்றான். சிரித்து ஓய்ந்ததும் அவள் கைபேசியை எடுத்தாள்.

ஒன்றும் இல்லை.

இந்த நாளில் குழு எப்படி இருக்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். எல்லாரும் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்பார்கள். முதல் வருஷம் பாக் குனார்த்தோ எழுதிய வாசகம் ஒன்று உண்டு: "இந்த ஆண்டில் என் சொல்லாலும் என் நிரலாலும் நேர்ந்த பிழைகளை, தெரிந்ததையும் தெரியாததையும், வெளியிலும் உள்ளத்திலும் பொறுத்தருள்க." அதை அப்படியே வெட்டி ஒட்டித்தான் எல்லாரும் வருஷா வருஷம் அனுப்புவார்கள். ஒழுங்காக ஓடுகிற ஒன்றை மறுபடி எழுதுவது நிரலருக்கு அவமானம் அல்லவா? யுஸ்தினுஸும் அனுப்புவான், பாலித் தீவின் இந்து ஒருவனும் அனுப்புவான். கைபேசி துடித்துக்கொண்டே இருக்கும். அது இன்றைக்குப் பேசாமல் கிடந்தது.

சுலாஸ்மி அந்த வாசகத்தை விடியற்காலையிலேயே அனுப்பியிருந்தாள். யாரும் திரும்ப எழுதவில்லை. போய்ச் சேரவில்லையோ என்று இன்னொரு முறை அனுப்பினாள். அதற்கும் பதில் இல்லை.

"யாருமே வரலியா?" என்றான் பிரிஹாடி. அவன் குழு மடல்களை ஞாயிற்றுக்கிழமை மொத்தமாகப் படிக்கிறவன்; அவனுக்கு எதுவும் தெரியாது. "உள்ள போய் என்னன்னு பாரேன். உன் கையிலதான சாவி இருக்கு."

"பாக்கறேன்" என்றாள். பார்க்கவில்லை. பார்த்தால் பாக் குனார்த்தோவின் பெயர் அங்கே இல்லை என்பதும் தெரிந்துபோகுமே என்ற பயம். யாரிடமாவது, என் மடல் வந்ததா என்று கேட்டிருக்கலாம். அதற்கும் கூச்சம். பெருநாளும் அதுவுமாக, ஏன் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை என்று ஒரு மனுஷரைப் பார்த்து எப்படிக் கேட்பது? வந்தவர்களுக்கெல்லாம் அன்னாசி பிஸ்கெட் எடுத்துக் கொடுத்தாள், சிரித்தாள், உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். வெறும் மடற்குழுவுக்கு இவ்வளவா என்று கேட்பவர்கள் எந்தக் குழுவிலும் பதினைந்து வருஷம் இருந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

மறுநாள் காலை இருவரும் பைக்கில் சாலாத்திகா போனார்கள். பெரியவர்களை நேரில் பார்க்காமல் பெருநாள் முடியாது. அதிலும் லாரி நாளைக்கு வருகிறது.

பாக் குனார்த்தோவின் கூடம் முழுக்க அட்டைப் பெட்டிகள். அவர் மனைவி இபு தார்மி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "பெட்டி மேலயே உக்காருங்க, நாற்காலியெல்லாம் கட்டிட்டோம்" என்றார். சுலாஸ்மி பெரியவர் முன்னால் மண்டியிட்டாள். அவர் அவள் தலையில் கை வைத்தார், ஆனால் முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை. அவளை மகளைக் கூப்பிடுவதுபோல நேரில் 'டுக்' என்றுதான் கூப்பிடுவார். அன்றைக்கு அந்த அழைப்பும் கொஞ்சம் தள்ளியே வந்தது.

"டுக், ஒண்ணு கேக்கணும். பெருநாள், கேக்கக் கூடாதுதான்."

"கேளுங்க, பாக்."

"என் மேல உனக்கு என்ன கோவம்? நேத்து ரெண்டு வாட்டி மன்னிப்புக் கேட்டு எழுதினேன். ஒருத்தரும் திரும்பப் பேசல. சரி, மத்தவங்க போகட்டும். நீகூடவா?"

சுலாஸ்மி மண்டியிட்டபடியே நிமிர்ந்து பார்த்தாள். "எங்க எழுதினீங்க?"

"எங்கயா? உன் புது வீட்லதான்."

"நீங்க வரவே இல்லியே. உறுதி பண்ணலியே."

"நேத்துக் காலையில பண்ணேன். தொழுகை முடிஞ்சு வந்து, முதல்ல பழைய குழுவுக்குத்தான் அனுப்பினேன். அது பூட்டிக் கிடக்கு. யாரும் இல்லாத வீட்ல நின்னுக்கிட்டு யார்கிட்ட மன்னிப்புக் கேக்கறது? அதான் வந்தேன்." கொஞ்சம் நிறுத்தி, "வந்தா அங்கயும் யாரும் இல்ல" என்றார்.

சுலாஸ்மிக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. அவர் வந்திருக்கிறார்! அவர் வந்திருக்கிறார், அது தெரியாமல் இவள் ஒரு நாள் முழுக்கப் பிஸ்கெட் தட்டைத் தூக்கிக்கொண்டு அழுது தொலைத்திருக்கிறாள். அடுத்த நொடியே வேறொன்று உறைத்தது. அவர் அனுப்பியது வரவில்லை. இவள் அனுப்பியது அவருக்குப் போகவில்லை. அப்படியானால் யார் அனுப்பியதுமே போகவில்லை.

பிரிஹாடி தன் கைபேசியிலேயே குழுவின் பக்கத்தைத் திறந்து பார்த்தான். "லாஸ்மி, குழுவைப் பூட்டி வெச்சிருக்காங்க. பராமரிப்பவருக்குக் கடிதம் அனுப்பியிருக்கோம், பாருங்கன்னு போட்டிருக்கு."

"எனக்கு ஒண்ணும் வரலியே."

"என்ன முகவரி குடுத்தே?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பதினைந்து வருஷப் பழக்கம். விண்ணப்பத்தில் பராமரிப்பவர் முகவரி என்று கேட்ட இடத்தில் கை தானாகப் பழைய குழுவின் முகவரியையே எழுதியிருந்தது. அந்த முகவரி இருப்பது இதே வீட்டில், அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில். அதை வியாழக்கிழமை அவளே வெளியிலிருந்து பூட்டியும் விட்டாள்.

"அந்தக் கணினி..." என்றாள். "அணைச்சிட்டீங்களா, பாக்?"

பாக் குனார்த்தோ சாரத்தைச் சரிசெய்துகொண்டார். "வியாழக்கிழமையே அணைக்கச் சொல்லி எழுதியிருந்தே. சரின்னு சொன்னேன்."

"சொன்னீங்க. அணைச்சீங்களா?"

"சரின்னுதான சொன்னேன்" என்றார் அவர், முதல் முறையாகச் சிரித்து.

மூன்று பேரும் சமையலறையைத் தாண்டி ஓடினார்கள். கணினி உறுமிக்கொண்டிருந்தது. பூனை அதன் மேல் படுத்தபடி, இவர்களுக்கு என்ன வந்தது என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது. சுலாஸ்மி அரிசி டப்பாவின் மேல் உட்கார்ந்து பழைய முகவரியைத் திறந்தாள். முந்தின நாள் வந்த மடல் ஒன்று காத்திருந்தது.

"உங்கள் குழு பூட்டப்பட்டுள்ளது. ஒரே காலையில் ஏறக்குறைய எல்லா உறுப்பினர்களும் ஒரே வாசகத்தை அனுப்பினார்கள். குப்பை மடலைத் தடுக்கும் எங்கள் காவல் நிரல் அதைத் தடுத்ததும், அதே வாசகத்தை மறுபடியும் அனுப்பினார்கள். மொழிபெயர்த்துப் பார்த்தேன். அது குற்ற ஒப்புதலாகத் தெரிகிறது. உறுப்பினர்களின் கணினிகளுக்குள் யாரோ ஊடுருவியிருக்கலாம். நாளை மாலைக்குள் விளக்கம் வராவிட்டால் குழு நீக்கப்படும். ஐவார்."

முதலில் வெடித்துச் சிரித்தது இபு தார்மி. கையில் அகப்பையோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர், "ஊரே சேந்து குத்தத்தை ஒத்துக்கிட்டீங்களா? போலீஸ் வந்துடப் போகுது" என்றார்.

"எல்லாரும் ஏன் ரெண்டாவது வாட்டி அனுப்பினாங்க?" என்றான் பிரிஹாடி.

"நான் ஏன் அனுப்பினேன்?" என்றாள் சுலாஸ்மி. "வரலியான்னு கேக்கக் கூச்சம். அதான்."

"நானும் அதுக்குத்தான்" என்றார் பாக் குனார்த்தோ.

ஒருவன் வாயைத் திறந்து கேட்டிருந்தால் அரை மணியில் தெரிந்திருக்கும். ஊர் முழுக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, பேசாமல் மறுபடி மறுபடி அனுப்பி, குழுவையே கொண்டுபோய்க் கழுமரத்தில் ஏற்றிவிட்டார்கள். கெடு இன்று மாலை. நாளைக்கு இந்தக் கணினியும் இல்லை. சுலாஸ்மி விறுவிறுவென்று எழுத ஆரம்பித்தாள். பெருநாள் என்றால் என்ன, நோன்பு என்றால் என்ன, ஜாவா எங்கே இருக்கிறது என்று எழுதிக்கொண்டே போனாள்.

"டுக், அவன் கல்லைக் கடிச்சு எழுதறவன்னு பிரிஹாடி சொன்னானே? இதைப் படிக்க அவனுக்கு அடுத்த பெருநாள் வந்துடும்" என்றார் பாக் குனார்த்தோ.

எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கடைசியில் அவள் அனுப்பியது இவ்வளவுதான்: "யார் கணினிக்குள்ளும் யாரும் ஊடுருவவில்லை. நேற்று எங்கள் பெருநாள். அன்று எல்லாரும் எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்போம். வாசகம் நன்றாக இருப்பதால் யாரும் மாற்றுவதில்லை. தன் மடல் தொலைந்துவிட்டது என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். கேட்கக் கூச்சப்பட்டு மறுபடி அனுப்பினார்கள். வழக்கத்தை உங்களிடம் முன்பே சொல்லாதது என் தவறு. வெளியிலும் உள்ளத்திலும் பொறுத்தருள்க."

அனுப்பிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்தாள். அங்கே ஞாயிற்றுக்கிழமை; அவன் தூங்குகிறானோ, மீன் பிடிக்கப் போயிருக்கிறானோ யார் கண்டது? இபு தார்மி குழம்பைச் சூடு பண்ணினார். பிரிஹாடி பூனையிடம் ஏதோ பேசிப் பார்த்தான், அது மதிக்கவில்லை. பாக் குனார்த்தோ ஒரு பெட்டியைக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். வரமாட்டேன் என்றிருந்த மனுஷர், இப்போது அவளைவிட அதிகமாக வாசல் பார்த்துக்கொண்டிருந்தார்.

பதில் வந்தது. "புரிந்தது. பூட்டை எடுத்துவிட்டேன். தடுக்கப்பட்ட மடல்கள் உங்கள் வரிசையில் உள்ளன. ஒவ்வொன்றாக நீங்கள்தான் உள்ளே விட வேண்டும். ஒரு கேள்வி. அந்த வாசகத்துக்கு என்ன பதில் சொல்வார்கள்?"

"அதே வாசகம்தான்" என்று எழுதினாள் சுலாஸ்மி.

"அப்படியானால் அது எப்போது முடியும்?"

அவள் சமையலறைப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு எழுதினாள்: "சாப்பாடு தயாரானதும்."

பிறகு வரிசையைத் திறந்தாள். அடேயப்பா! ஒருவர் விடாமல் அத்தனை பேரும் வாசலில் நின்றிருந்தார்கள், எல்லாரும் கைகூப்பி ஒரே வாசகத்தைச் சொல்லிக்கொண்டு. யுஸ்தினுஸ் இரண்டு முறை, பாலிக்காரன் இரண்டு முறை, இவளும் இரண்டு முறை. ஒவ்வொரு பெயராகத் தட்டித் தட்டி உள்ளே விட்டாள். பிரிஹாடியின் கைபேசி துடித்தது, பாக் குனார்த்தோவின் சட்டைப் பையில் இருந்தது துடித்தது. அவள் பெயர்களை உரக்கப் படித்தாள், பெரியவர் ஒவ்வொரு பெயருக்கும், "இவனுமா? இவன் உயிரோடதான் இருக்கானா?" என்றார்.

அவருடைய மடல் வந்தபோது அவள் உரக்கப் படிக்கவில்லை. வாசகம் அதேதான், எழுதியவரே அவர்தானே. ஆனால் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: "மழைக்காலத்தில் உங்களைக் காக்க வைத்த என் கணினியையும் மன்னியுங்கள்." சுலாஸ்மி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதை உள்ளே விட்டாள். அவர் பெட்டிக் கயிற்றை மும்முரமாக முடிந்துகொண்டிருந்தார்.

வரிசையின் கடைசியில், சற்றுமுன் வந்த மடல் ஒன்று சிவப்புக் குறியோடு நின்றது. புது உறுப்பினர்; சந்தேகத்துக்குரிய வாசகம்; காவல் நிரல் தடுத்தது. அனுப்பியவர்: ஐவார்.

அவளால் நம்ப முடியவில்லை. குழுவில் தன் பெயரைச் சேர்த்துக்கொண்டு, அதே வாசகத்தை, எழுத்து பிசகாமல், இந்தோனேசிய மொழியிலேயே வெட்டி ஒட்டி அனுப்பியிருந்தான். அவனே வைத்த காவல் அவனையே கழுத்தைப் பிடித்து வாசலில் நிறுத்தியிருந்தது.

பிரிஹாடி விழுந்து விழுந்து சிரித்தான். "ஒரு நாள் நிக்க வை, லாஸ்மி. அவனுக்கும் தெரியட்டும்."

"பெருநாளுக்கு வந்தவனை வாசல்ல நிக்க வைக்கறதா? உள்ள விடு, டுக்" என்றார் பாக் குனார்த்தோ.

உள்ளே விட்டாள். அவ்வளவுதான், புது வீடு கலகலத்துப் போயிற்று. முகம் தெரியாத அந்த எஸ்தோனியாக்காரனிடம் ஆளாளுக்கு மன்னிப்புக் கேட்டார்கள். அவன் ஒவ்வொருவருக்கும் அதே வாசகத்தைத் திருப்பி அனுப்பினான். ஒழுங்கான நிரலன்தான்.

"வாங்க, ஆறிடும்" என்று இபு தார்மி குரல் கொடுத்தார். பாக் குனார்த்தோ கைபேசியை எடுத்து, ஒற்றை விரலால் தட்டி, குழுவுக்கு ஒரு மடல் போட்டார்: "சாப்பாடு தயார்."

பிறகு எழுந்து கணினியிடம் போனார். பூனையை இரண்டு கையாலும் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். யாரும் சொல்லாமல், தானே குனிந்து சுவரிலிருந்து ஒயரைப் பிடுங்கினார். அத்தனை வருஷ உறுமல் மெல்ல இறங்கி அடங்கியது. சுலாஸ்மி அவர் முகத்தைப் பார்க்கத் துணியாமல் அரிசி டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது அவருடைய சட்டைப் பை துடித்தது. எடுத்துப் பார்த்தார்.

"யாரு, பாக்?"

"அந்த எஸ்தோனியாப் பையன்தான்" என்றார் அவர், வாயெல்லாம் பல்லாக. "என்ன குழம்புன்னு கேக்கறான்."